அண்டி ஆபீசும் மாதவிடாயும்

(கருங்கல்லில் நடந்த மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மாலைத் திருப்பலிக்கு நேரமாகியும் நமக்காக அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நெய்யூரிலிருந்து வந்திருக்கும் டாக்டரம்மா, மழை வெயில் பாராமல் வீடுவீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா, அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் வேலை விட்டதும் கைக்கறையோடு நேரே வந்திருக்கும் என் சகோதரிகளே, வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்தவர்களுக்கும், சாயா போட்டுத் தந்த குழுவுக்கும் நன்றி.

மூன்று காரியம் பேச வந்தேன். மாதவிடாயில் எது இயல்பு, ஹார்மோன் கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலம்.

முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள்வரை எண்ணுங்கள். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் பயமில்லை. வயதுக்கு வந்த புதிதில் 45 நாள்வரை போகலாம். ஆனால் உதிரம் 7 நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, ‘பொம்பளைக்கு உள்ளதுதானே’ என்று விடக்கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை. சாப்பாட்டுக் குறை மட்டுமல்ல, அதிக உதிரப்போக்கும் அதற்குக் காரணம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம். கல்யாணமான நாள்முதல் அண்டி ஆபீசில் தோல் எடுக்கிற வேலை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கேட்டால், “வயசாச்சு மக்களே” என்பார். வயது 41! மாசாமாசம் பத்து நாள், பன்னிரண்டு நாள் உதிரம் போயிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பருப்பு நிறுக்கிற வரிசையிலேயே மயங்கி விழுந்தார். ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6 இருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். அக்கா சொன்னார்: “அங்க துணி மாத்த ஒரு மறைவு இல்ல டாக்டரே. தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போவணும், அதனால தண்ணியும் குடிக்கமாட்டேன். கறை தெரியாம இருக்க கறுப்புச் சேலையாப் பாத்து உடுப்பேன்.” கூட நின்ற மகள் அழுதுவிட்டாள். அம்மாவுக்குக் கறுப்பு நிறம் பிரியம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

அடுத்தது ஹார்மோன். பிசிஓஎஸ் என்கிற நீர்க்கட்டிப் பிரச்சினை, உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகும், பரு வரும், முகத்தில் முடி வளரும். ஸ்கேனில் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற சினைமுட்டைப் பைகள்தான், பயப்படாதீர்கள். தைராய்டும் பார்த்துவிடுங்கள். ‘கல்யாணம் ஆனால் சரியாகும்’ என்று பிள்ளைகளின் வாயை அடைக்காதீர்கள். வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்!

மாத்திரை வாங்கிக்கொண்டு அந்த அக்கா திரும்பிப் போனது அதே மறைவில்லாத இடத்துக்குத்தான். இந்தத் தென்திருவிதாங்கூர் மண்ணில் நம் பாட்டிமார் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக அடிபட்டு 1859-இல் உரிமை வாங்கினார்கள். அவர்களுடைய பேத்திகளுக்குத் துணி மாற்ற ஒரு கதவு இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது? பெண்களுக்குத் தனியாக, மறைவான கழிப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவே அன்று சொல்லியிருந்தது. புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. தாழ்ப்பாள் உள்ள கதவு, குழாயில் தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. அண்டி ஆபீசுக்கும் வேண்டும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கும் வேண்டும்.

மூன்றாவதற்கு நேரமில்லை, டாக்டரம்மா பேசுவார்கள். ஒன்று மட்டும்: மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்து மறுபடி உதிரம் பட்டால், துளியானாலும் உடனே காட்டுங்கள்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில், குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். அன்றைய கூலி போகும் என்கிறவர்கள் வர வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். பங்குத்தந்தை அவர்களும் தலைவர் அவர்களும் முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.