ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, விளையாட்டுக் கழகச் செயலாளர் அவர்களே, மைக்கை மூன்று முறை சரிசெய்த தம்பி, ஓட்டக் காலணியோடே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விளையாடுகிறவர்கள் குடித்தால் என்ன ஆகும் என்பது பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: கல்லீரல், சர்க்கரை, தூக்கம்.

"ராத்திரி குடித்ததைக் காலையில் ஓடி வியர்வையில் இறக்கிவிடுவேன்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இறங்காது ஐயா! வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வெளியேற்றும் ஆல்கஹால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் பெரும்பாலும் கல்லீரலின் தலையில்தான். அது மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் தீர்க்கும். ஓடுவதால் அந்த வேகம் பெரிதாகக் கூடாது. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அதைச் சேமித்துவைக்க உடம்பில் இடமில்லை, அதனால் முதலில் அதையே எரிக்கிறது. கொழுப்பு வரிசையில் காத்துக்கிடக்கிறது. தொப்பையைக் கரைக்க ஓடிவிட்டுக் குடிக்கிறவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அப்புறம் சர்க்கரை. நீண்ட ஓட்டத்தில் கிளைக்கோஜன், அதாவது உடம்பில் சேமித்துவைத்த சர்க்கரை, குறையும்போது, கல்லீரல் லாக்டேட் (உழைக்கும் தசையில் உண்டாகும் பொருள்) போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்து தரும். ஆல்கஹாலை உடைக்கும் வேலை அந்த அடுப்பை அடக்கிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை சரிந்து தலை சுற்றும்.

குடித்துக்கொண்டே ஓடிய ஒருவர் கதை சொல்கிறேன். 1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். வெயில், தூசி. 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்கிறார். கூட வந்த உதவியாளர்கள் வாயை ஈரத்தால் ஒற்றிவிட்டதோடு சரி. குடிக்கக் கொடுத்தது என்ன தெரியுமா? முட்டை வெள்ளைக்கரு, ஸ்ட்ரிக்னின், அதாவது எலிக்கு வைக்கிற விஷம், பிறகு பிராந்தி! இதற்குள் ஃபிரெட் லார்ஸ் என்ற இன்னொரு ஓட்டக்காரர் பாதி வழி காரில் வந்து முதலாவதாக நுழைந்து கைதட்டலும் வாங்கிவிட்டார். குட்டு உடைந்தது. பின்னால் தள்ளாடி வந்த ஹிக்ஸுக்குத் தங்கம். ஜெயித்தாரே என்பீர்கள். தாங்கிப் பிடிக்க ஆள் இருந்ததால் ஜெயித்தார்! ஆற்றில் ஒரு கால்... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

இப்போது யாரும் நடுவழியில் பிராந்தி கொடுப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் பாட்டில் திறக்கிறோம். தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் நேரமே அதுதான். பயிற்சிக்குப் பின் நிறையக் குடித்தவர்களுக்கு, புரதம் சாப்பிட்டும் தசைப்புரதம் உருவாகும் வேகம் 24 விழுக்காடு குறைந்தது என்கிறது 2014-இல் வெளியான ஓர் ஆய்வு. அந்தப் பாட்டிலின் விளம்பரத் தட்டியை மைதானத்திலேயே வைக்கிறோம். பிரான்ஸ் 1991-இல் எவின் சட்டம் கொண்டுவந்து, விளையாட்டுக்கு மது நிறுவனங்கள் பணம் கொடுப்பதைத் தடுத்தது. செயலாளர் அவர்களே, நம் கழகத்துக்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு தீர்மானம் போதும். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி... தலைவர் மணியடித்துவிட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் அதை ஏற்கெனவே செய்துகாட்டுகிறார்கள். வணக்கம்.