கொழுந்துக் கறையும் அட்டைக்கடி இரத்தமும்

நேயர்களுக்கு வணக்கம். உடுப்புகளில் படும் கறைகளை வீட்டிலேயே போக்குவது பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் பாதி, வெயில் தாராளமாகக் காயும் ஊர்களுக்கு எழுதியவை. நம் மலையகத்தில் ஹட்டன், நோர்வூட் பக்கம் ஆனி, ஆடி மழையில் துவைத்ததைக் காயவைப்பதே பெரும்பாடு. பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு அப்போது வெயில். அவர்களுடைய மழை ஐப்பசி, கார்த்திகையில்.

முதலில் தேயிலைக் கொழுந்துக் கறை. கிள்ளும்போது வடிகிற சாற்றுக்கு நிறம் கிடையாது. காற்றுப் பட்டதும்தான் பழுப்பாகிறது, பிறகு கறுக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்களின் பெருவிரலிலும் நகக்கண்ணிலும் இருக்கிற கருமை அதுதான். பெக்டரியில் நசுக்கிப் பரப்பிய கொழுந்து செம்பு நிறமாகிறதே, அதே மாற்றம்தான் சட்டைக் கையிலும் நடக்கிறது. இடுப்பில் படங்குத் துணி கட்டியிருந்தாலும் கைமடிப்பு தப்பாது. பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்போது, கறை இன்னும் வெளிறியிருக்கையிலேயே, பீலியில் விழுகிற தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் அலசிவிடுங்கள். மாலை வரை விட்டால் வேலை இரட்டிப்பு.

இங்கே நம்மில் பலர் செய்வது, கட்டிச் சவர்க்காரத்தை எடுத்து அழுத்தித் தேய்ப்பது. தேயிலைக் கறைக்கு அது ஆகாது. கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவையுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து அந்த இடத்தில் நனைத்து, கால் மணி நேரம் கழித்து அலசுங்கள். குடிக்கிற தேத்தண்ணி கொட்டினாலும் இதே வழிதான். துருப்பிடித்த தகர வாளியில் மட்டும் ஊறவைக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நீலம் பாய்ந்த கறுப்பாகிவிடும்.

அடுத்து அட்டை. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதால், அட்டை விழுந்த பிறகும் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். பிள்ளை பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றினால் வெள்ளைக் காலுறை தோய்ந்திருக்கும். அவசரத்தில் சுடுதண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் இரத்தப் புரதம் இறுகி நூலோடு ஒட்டிவிடும். காலுறையை உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீர் கறையின் பின்பக்கத்திலிருந்து பாயும்படி பிடியுங்கள். பிறகு உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம். சவர்க்காரம் அதற்குப் பிறகுதான். காய்ந்துபோன பழைய கறையென்றால், வெள்ளைப் பருத்தியில் மட்டும், பாமசியில் கிடைக்கிற மூன்று வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைச் சில துளி விடலாம். நுரைத்து எழும்பும், உடனே அலசிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைக்கிறோம், வேறு வழியில்லை. ஆனால் கறை முழுதாகப் போனதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டே அங்கே போடுங்கள். அடுப்புச் சூடும் இஸ்திரிப்பெட்டியும் கறையை நிலைக்கவைத்துவிடும்.

கறிமஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் சிவந்துவிடும். பயப்படாதீர்கள், சவர்க்காரத்திலுள்ள காரத்தின் வேலை அது. அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். மிச்ச மஞ்சளை வெயில்தான் வெளுக்கவைக்கும், ஆகவே வெயில் வரும் நாளுக்குக் காத்திருங்கள். பலாப்பால் பட்டால் தேங்காயெண்ணெய், எண்ணெய்ப் பிசுக்குக்குப் பிறகு சவர்க்காரம். பேனா மைக்கு சேர்ஜிக்கல் ஸ்பிரிட், அடியில் ஒரு பழந்துணி வைத்து ஒற்றி எடுக்க வேண்டும்.

கொடிக்கம்பியின் துரு பட்டால் தேசிக்காய்ச் சாறும் உப்பும். குளோரின் கலந்த வெளுப்பான் துருவை இன்னும் பதித்துவிடும். அந்த வெளுப்பானோடு வினாகிரியையோ தேசிக்காயையோ ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது நச்சு வாயு. தோட்டத்து லய வீட்டின் சிறிய அறையில், மழைக்குக் கதவு சாத்தியிருக்கும்போது, அது உயிருக்கே ஆபத்து. சந்தர்ப்பம் தந்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.