சாங்கிச் சுவரோவியங்கள்: புனித லூக்கா சிற்றாலயத்தின் கதை

[காட்சி: சாங்கி அரும்பொருளகத்தில் உள்ள சுவரோவியப் பிரதிகள். கேமரா மெல்ல நகர்கிறது.]

சிங்கப்பூரின் சாங்கியில் ராபர்ட்ஸ் பாரக்ஸ் என்ற படைமுகாமின் 151ஆம் புளோக்கில், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், போர்க்கைதிகள் ஓர் அறையைச் சிற்றாலயமாக மாற்றிக்கொண்டார்கள். அது ஆலயமாகத் திட்டமிட்டு எழுப்பிய கட்டடமன்று. படைவீரர்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்டு, பிறகு நோயுற்ற கைதிகளின் மருத்துவமனையாக ஆனது. வளைவுகளோ வண்ணக் கண்ணாடிச் சன்னல்களோ இல்லாத அந்த அறைக்கு வழிபாட்டிடத்தின் தோற்றத்தைத் தந்தவை ஐந்து சுவரோவியங்களே.

அவற்றை வரைந்தவர் ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை வீரர். கடுமையான சீதபேதியாலும் சிறுநீரகக் கோளாறாலும் அவதிப்பட்டு அதே மருத்துவமனையில் கிடந்த அவர், சிறிது நேரம் வரைவதும் களைத்துப் படுப்பதுமாக வேலையைத் தொடர்ந்து, 1942ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் இயேசுவின் பிறப்பைக் காட்டும் ஓவியத்தை முடித்தார். விண்ணேற்றம், சிலுவைப்பாடு, இறுதி இராவுணவு, சிறையில் புனித லூக்கா ஆகியவை மற்ற நான்கு.

[காட்சி: நீல நிறப் பகுதி, மிக அருகில்.]

இந்த நீலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் வரைந்த சோழர் கால ஓவியர்களுக்குப் பக்குவப்படுத்திய சுண்ணச்சாந்துச் சுவரும், அரைத்தெடுத்த கனிம வண்ணங்களும் இருந்தன. வாரனுக்குக் கிடைத்தவையோ, சக கைதிகள் எப்படியோ தேடிக் கொண்டுவந்த பழுப்பு உருமறைப்புப் பெயிண்ட், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை ஆகியவைதாம். நீலத்துக்கு, பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டிகளைப் பொடியாக்கினார்கள். ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஓர் ஓவியத்துக்கு இவை எம்மாத்திரம்? நுணுக்கமான வண்ணச் சாயல்களைத் தவிர்த்து, அகன்ற தூரிகை வீச்சுகளும் திட்டமான வண்ணப் பரப்புகளும் கொண்டு அவர் வரைந்தமைக்கு இந்தப் பற்றாக்குறையே காரணம். அந்த எளிமைதான் உருவங்களுக்கு இவ்வளவு உறுதியைத் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலுவைப்பாட்டு ஓவியத்துக்கு அவர் தேர்ந்த வாசகம், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்பது. சிறைப்பிடித்தவர்களின் காவலுக்குள், பசியோடும் நோயோடும் இருந்த ஒருவர் இந்த வரியை எடுத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பின்னர் அந்த அறை கிடங்காக மாறியது. சுவர்களின்மேல் டிஸ்டெம்பர் பூசப்பட்டது. தஞ்சையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்டதுபோல, இங்கும் பூச்சுக்கு அடியில் ஓவியங்கள் தங்கியிருந்து 1958இல் கண்டறியப்பட்டன. வரைந்தவர் யார் என்ற தேடல் மறு ஆண்டே லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனிடம் சென்று நின்றது. முகாம் நினைவுகளை மறக்க முயன்றுகொண்டிருந்த அவர் முதலில் தயங்கினாலும், 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர் வந்து நான்கு ஓவியங்களைத் தம் கையாலேயே சீரமைத்தார். அவர் 1992இல் காலமானார்.

[காட்சி: புனித லூக்கா ஓவியம். மேற்பகுதி மட்டும்.]

ஐந்தாவதை அவரால் மீட்க முடியவில்லை. கிறிஸ்தவ மரபில் லூக்கா மருத்துவர். ஓவியர்களின் பாதுகாவலராகவும் போற்றப்படுபவர். நோயாளிகளுக்கு நடுவே ஓர் ஓவியர் வரைய இவரைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் போர்க்காலத்திலேயே அந்தச் சுவரில் கதவு வைப்பதற்காக ஓவியத்தின் கீழ்ப்பகுதியை இடித்துவிட்டார்கள். அங்கே என்ன வரைந்திருந்தோம் என்பது வாரனுக்கே நினைவில் இல்லை. அவருடைய பழைய சிறிய வரைபடம் ஒன்று 1985இல் கிடைத்தபோதிலும், சுவர் முழுமை பெறவில்லை.

மூல ஓவியங்கள் இன்றும் சாங்கி விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள் உள்ளன. பொதுமக்கள் அங்கே நினைத்தபோது நுழைய முடியாது. அப்பர் சாங்கி சாலை நார்த்தில், 2021இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அரும்பொருளகத்தில் பிரதிகளைக் காணலாம். அங்கே செல்பவர்கள் லூக்காவின் முன் சற்றுக் கூடுதல் நேரம் நில்லுங்கள்.