எங்கிட்ட ஓடுதே, அண்ணாச்சி!

நேயர்களுக்கு வணக்கம்.

வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிற பிள்ளைகள் பாளையங்கோட்டையில் இருந்தாலும் சரி, பாபநாசத்தில் இருந்தாலும் சரி, தங்கள் நிரல் இன்னொருவர் கணினியில் ஓடவில்லை என்றால் என்றைக்காவது ஒருநாள் இதைச் சொல்வார்கள்: "எங்கிட்ட ஓடுதே, அண்ணாச்சி!" பொய்யில்லை, ஓடத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் பிரவுசரில்.

ஒரு சின்னப் பயிற்சி வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊர்ப் பெயர்களைக் கொடுத்து, அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயரிலும் எத்தனை எழுத்து என்றும் காட்ட வேண்டும்.

அடுக்குவதற்கு 'டூசார்ட்டட்' என்ற மெத்தட், அதாவது மொழியிலேயே தயாராக உள்ள கட்டளை, இருக்கிறது. பழைய 'சார்ட்' நாம் கொடுத்த பட்டியலையே மாற்றி அடுக்கிவிடும். இது அதைத் தொடாமல் புதுப் பட்டியலாகத் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தது. எழுத்தை எண்ண, நீளத்தைச் சொல்லும் 'லெங்த்' போதும் என்று நினைப்போம், தமிழுக்கு அது ஆகாது. 'நெல்லை' என்று கொடுத்துப் பாருங்கள், 6 என்று சொல்லும். கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. நமக்கு வேண்டியது 3. அதைச் சரியாகத் தருவது, சொல்லை நாம் படிக்கும் எழுத்துகளாகப் பிரிக்கும் 'செக்மென்ட்டர்'.

இப்போது இந்த நிரலை விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி ஒன்றில் திறக்கிறோம். அந்த விண்டோஸுக்குக் கடைசியாகக் கிடைத்த குரோம் பதிப்பு 109. டூசார்ட்டட் குரோமுக்குள் வந்தது 110-இல். ஒரே ஒரு எண்ணில் தவறிப்போச்சு! சரி, ஃபயர்பாக்ஸில் பார்க்கலாம். அதே விண்டோஸுக்கு ஃபயர்பாக்ஸ் 115 கிடைக்கிறது, டூசார்ட்டட்டும் சரியாக அந்த 115-இல்தான் வந்தது. தப்பித்தோம் என்று பார்த்தால், செக்மென்ட்டர் இடறுகிறது. குரோமில் அது 87-லேயே இருக்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு 2024 ஏப்ரலில், 125-இல்தான் வந்து சேர்ந்தது. ஆக ஒரே கணினியில், குரோமில் வரிசை வராது, ஃபயர்பாக்ஸில் எண்ணிக்கை வராது. பழைய பிரவுசர், புது பிரவுசர் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வசதியையும் அதனதன் பெயரில்தான் தேட வேண்டும்.

தேடுவது சிரமமில்லை. வலை நிரலாளர்களுக்கான கையேடான எம்டிஎன் தளத்தில் அந்த வசதிக்கான பக்கத்தின் அடியில் எந்த பிரவுசரில் எந்தப் பதிப்பிலிருந்து என்று அட்டவணை இருக்கும். 'கேன் ஐ யூஸ்' தளமும் இதற்கென்றே உள்ளது. எம்டிஎன் பக்கத்தின் மேலே 'பேஸ்லைன்' என்றொரு முத்திரை தெரிந்தால் அதையும் பாருங்கள். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் கழிந்த பிறகுதான் 'பரவலாகக் கிடைப்பது' என்ற நிலையைக் கொடுக்கிறார்கள். ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் இருக்கும் அதே வெப்கிட் எஞ்சின்தான். அட்டவணையில் சஃபாரி வரிசையைப் பாருங்கள்.

டூசார்ட்டட் மாதிரி ஒரு மெத்தட் பிரவுசரில் இல்லாவிட்டால் அந்த வரி வரும்போதுதான் பிழை. முன்கூட்டியே 'இஃப்' என்ற நிபந்தனை வரி போட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதும் 'ஆப்ஷனல் செயினிங்' மாதிரி மொழியின் எழுத்துமுறையே புதிது என்றால் கதை வேறு. பழைய பிரவுசர் அந்தக் கோப்பையே படிக்காது, உங்கள் 'இஃப்' உட்பட. அதற்கு பேபல் போன்ற கருவியால் பழைய முறைக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

நம் பயிற்சிக்கு அதுகூட வேண்டாம். 'ஸ்லைஸ்' போட்டு நகல் எடுத்து, அந்த நகலைப் பழைய சார்ட்டால் அடுக்குங்கள். எழுத்தை எண்ண, எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் ரெஜெக்ஸால் கொம்பு, புள்ளி போன்ற குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்துக்கு லெங்த் கேளுங்கள். குரோம் 109, ஃபயர்பாக்ஸ் 115 இரண்டுமே நெல்லைக்கு 3 என்று சொல்லும்.

வணக்கம்.