“தண்ணி குடிச்சியா?” கொரோனா வார்டில் என்னைத் தாங்கிப் பிடித்த கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். பாப்பா உள்ளே தூங்குகிறாள். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன். சத்தம் பத்தவில்லை என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குக் கீழே ஒரு நர்சிங் மாணவி எழுதியிருந்தார். “அக்கா, கேரளாவில் நிபா என்று செய்தி வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்தப் படிப்பை ஏன் எடுத்தோம் என்று இருக்கிறது. கொரோனாவில் நீங்களெல்லாம் எப்படித் தாங்கினீர்கள்?” இரண்டு நாள் பதில் தட்டிப் பார்த்தேன். தட்டுவதும் அழிப்பதுமாகவே போனது. சரி, பேசிவிடலாம் என்று கேமராவை வைத்துவிட்டேன்.

தங்கச்சி, பயப்படாதே என்று நான் சொல்லப் போவதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது நான் நாகர்கோவில் பக்கம் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நிபா நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி, மே 21 அன்று இறந்துபோனார். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்து கணவருக்கு அவர் எழுதிவைத்த சின்னக் கடிதம் எங்கள் எல்லோர் போனுக்கும் வந்தது. அன்று ராத்திரி ஹாஸ்டலில் ஒருத்தியும் சாப்பிடவில்லை. அந்த முறை நிபாவில் 17 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தொற்றியது. இதெல்லாம் தெரிந்த ஒருத்திக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் பயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தயாராகாதே. என்னைப் படுத்தியது வேறு. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல நினைக்கிறேன்.

2020 ஏப்ரலில் இருந்து 2021 ஆகஸ்ட் வரை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஏழு நாள் டியூட்டி, அப்புறம் ஏழு நாள் தனி அறை. பிபிஇ கிட், அதாவது உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. கழற்றினால் வேறு கிட் வேண்டும், அன்றைய நிலைமையில் அது வீண். காலை ஏழு மணி டியூட்டிக்கு நாலு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். மாதவிடாய் நாட்களில் பட்ட பாட்டை இந்த வீடியோ பார்க்கும் சிஸ்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து, அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கும் கோட்டின் வழியாகத்தான் மானிட்டரைப் பார்ப்போம். வெளியே வந்து கையுறையைக் கழற்றினால் உள்ளேயிருந்து வேர்வை தண்ணீராகக் கொட்டும். கை விரல்கள் ரொம்ப நேரம் துணி துவைத்தவள் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

வெள்ளை கிட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதால் முதுகிலும் நெஞ்சிலும் மார்க்கரில் பெயரை எழுதிக்கொள்வோம். ஒரு பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அவருக்காக என் நெஞ்சில் ஒரு பூ வரைந்துகொண்டேன். “பூ போட்ட பொண்ணு எங்க?” என்றுதான் கேட்பார். அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவது கஷ்டமானது.

எங்கள் வார்டில் ஒரு போன் இருந்தது. நோயாளிகளை வீட்டோடு வீடியோ காலில் பேசவைப்பதற்காக. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்போம். இரண்டு கையுறை போட்ட விரலுக்கு ஸ்க்ரீன் சரியாக வேலை செய்யாது, நாலைந்து தடவை அழுத்த வேண்டும். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு குப்புறப் படுத்திருப்பவர் பார்க்கிற மாதிரி, கட்டில் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் தோள்பட்டை நடுங்கும். நாம் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? வீட்டுப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், மருமகளிடம் கோபமாகப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். இப்படி, இன்னொரு வீட்டுக்காரர்கள் கேட்கவே கூடாத பேச்சையெல்லாம் நான் கேட்டேன். ஒரு தாத்தாவுக்குப் பேத்தி ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கினாள். தாத்தா மாஸ்க்கோடே விரலைக் காட்டித் திருத்தினார். மறுநாள் நான் டியூட்டிக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார்.

வைரஸ் எனக்கு வந்தது, காய்ச்சல் அடித்தது, போனது. இந்தப் பேச்சுகள் போகவில்லை.

வெளியே இருந்த நிலைமையும் அப்படித்தான். 2020 மார்ச் 22 சாயங்காலம் ஊரே கை தட்டியது. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஏப்ரல் 19 இருக்கிறது. நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்து, அவரை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது சென்னையில் கூட்டம் கூடி ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. கூட இருந்தவர்கள் ரத்தக் காயத்தோடு ஓட வேண்டியதாயிற்று. அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் நள்ளிரவில் திரும்பப் போய், ஊழியர்களோடு சேர்ந்து மண்வெட்டி எடுத்து அடக்கம் செய்தார். மூன்று நாளில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் எளிதில் ஜாமீன் கிடைக்காது என்று அவசரச் சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் அன்று ராத்திரி எங்கள் அறையில் நாலு பேர் விளக்கைப் போட்டுக்கொண்டே விழித்திருந்தோம். ‘நமக்கு ஒன்று ஆனால் அப்பா அம்மாவுக்கு யார் சொல்வார்கள்?’ என்று ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. நான் அம்மாவிடம், ஆபீஸில் ரெக்கார்ட் எழுதும் வேலை என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். மூக்கில் மாஸ்க் அழுத்திய புண்ணை வீடியோ காலில் பார்த்துவிட்டு, அம்மா ஒன்றும் கேட்காமல் “தேங்காய் எண்ணெய் போடும்மா” என்று மட்டும் சொன்னார்.

சரி, எப்படித் தாங்கினேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் வார்டு நர்சுகளுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தவர். சர்க்கரை நோய் இருந்ததால் அவரை வார்டுக்குள் விடவில்லை. அதற்காக வீட்டில் உட்காரவில்லை. கிட் கழற்றும் அறையைத் தாண்டி, நாங்கள் குளித்துவிட்டு வரும் வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நிறைய எலுமிச்சம்பழ ஜூஸ், உப்பும் சர்க்கரையும் போட்டது. மடியில் ஒரு நோட்டு. வருகிறவளிடம் மூன்றே கேள்வி. “தண்ணி குடிச்சியா? ஒண்ணுக்குப் போனியா? நேத்து எத்தனை மணி நேரம் தூங்குன?” பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார். மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து ஒருத்தி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால், மூன்றாவது நாள் டியூட்டி லிஸ்டில் அவள் பெயர் உள் வார்டில் இருக்காது. ஸ்டோரில் மருந்து எண்ணும் வேலையில் இருக்கும். ஏன் என்று விளக்கம் கிடையாது, பேச்சு கிடையாது.

அப்போது அது வெறும் கண்டிப்பு என்றுதான் நினைத்தேன். பின்னால்தான் அதன் அருமை புரிந்தது. தொற்று முதலில் பரவிய சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1257 மருத்துவப் பணியாளர்களிடம் விசாரித்து எழுதிய ஒரு ஆய்வு 2020 மார்ச்சிலேயே வந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி, பத்தில் ஏழு பேருக்கு மன உளைச்சல். நர்சுகளும் பெண்களும் நோயாளி பக்கத்திலேயே நின்றவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதே நாட்டில் சாங்ஷா நகரத்தில் சியாங்யா இரண்டாம் மருத்துவமனை என்று ஒன்று. அங்கே ஊழியர்களுக்காக மனநல ஆலோசகர் குழு அமைத்து, ஹெல்ப்லைன் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் அந்த உதவியை வேண்டாம் என்றார்கள். ஏன் என்று விசாரித்தபோது, எங்களுக்குத் தேவை யாரும் எழுப்பாத ஓய்வு, போதுமான பாதுகாப்புச் சாமான், முரண்டு பிடிக்கும் நோயாளியைச் சமாளிக்கப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனை அதைக் கேட்டுக்கொண்டு ஓய்வறை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்ப வீடியோ எடுக்க உதவி என்று ஏற்பாட்டை மாற்றியது. ஆலோசகர்களும் அந்த ஓய்வறைக்கே போய், பேச விரும்புகிறவர்கள் பேசுவதைக் கேட்டார்கள்.

படித்ததும் எனக்கு அந்தத் தூக்குவாளிதான் கண் முன்னால் வந்தது. எங்கள் சிஸ்டர் அந்த ஆய்வையெல்லாம் பார்த்தவர் இல்லை. முப்பது வருட அனுபவத்தில், உடம்பு காய்ந்து கிடக்கிறவளிடம் மனதைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜூஸைக் குடித்து முடிக்கும்போது தானாகவே பேச ஆரம்பிப்போம். ஏழெட்டு ஐம்பத்தாறு கதையை நான் முதன்முதலில் சொன்னது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரத்தில் இருந்து வீடியோ கால் வேலையை ஒருத்தி மேலேயே போடாமல் முறை வைத்து மாற்றிவிட்டார்.

இரண்டாவது அலையில் அந்த ஏற்பாடெல்லாம் தூள் தூளானது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் மேல் தொற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, உள்ளே கட்டில் இல்லை. ஆம்புலன்ஸுக்குள் ஏறி சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்து, யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த டாக்டர்களில் ஒருவருக்கு என் வயதுதான் இருக்கும். இதைப் பற்றி அதிகம் பேச என்னால் முடியவில்லை, மன்னித்துவிடுங்கள்.

அப்புறம் எல்லாம் முடிந்தது. வார்டைக் கழுவி, பழையபடி ஜெனரல் மெடிசின் வார்டாக ஆக்கினார்கள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் “நல்லபடியாத் தப்பிச்சிட்ட” என்றார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அந்த நவம்பரில் ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் ஒருவருக்கு போன் அடித்தது, எங்கள் வார்டு போனில் இருந்த அதே ரிங்டோன். கை ரெண்டும் சில்லிட்டுவிட்டது. எங்கே இறங்க வேண்டும் என்றே தெரியவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நோயாளியின் சொந்தக்காரர்கள் சாதாரணமாக ஏதாவது கேட்டாலே எரிந்து விழுந்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2003இல் கொரோனா மாதிரியே மூச்சைப் பாதிக்கும் சார்ஸ் நோய் வந்தபோது கனடாவின் டொராண்டோவில் அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனை ஊழியர்களை, எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து ஆராய்ந்திருக்கிறார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத மருத்துவமனை ஆட்களைவிட இவர்களிடம் சோர்வும் மன உளைச்சலும் அப்போதும் கூடுதலாகத்தான் இருந்தன. நமக்குச் சரியான பயிற்சியும் துணையும் கிடைத்தது என்று நினைத்தவர்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இதை அந்த நவம்பரிலேயே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், ‘எனக்கு மட்டும் புத்தி பேதலிக்கிறது’ என்று ரெண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

மனநல மருத்துவரிடம் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்க்காமல் வேறு இடத்தில்தான் பார்த்தேன், வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். சில மாதம் மாத்திரை, கூடவே பேச்சு. அவர் கொடுத்த வேலைகளில் ஒன்று, அந்த ரிங்டோனை என் போனில் வைத்து, தினமும் பகல் வெளிச்சத்தில், அவர் சொன்ன நேரத்துக்குக் கேட்பது. முதல் நாள் அழுதேன். மூன்றாவது வாரத்தில் அது வெறும் பாட்டு ஆனது. நானாக இதைச் செய்திருக்க மாட்டேன், நீங்களும் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி போன் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, எண் 14416, பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. வருடப் பிறப்பு அன்று அவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். மன அழுத்தம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். வேலை நிற்குமா என்று தெரியாதவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

தங்கச்சி, உனக்கு நான் சொல்வது இதுதான். வேலைக்குச் சேர்ந்ததும், டியூட்டி முடிந்தால் உன்னை நிறுத்தித் தண்ணீர் குடித்தாயா என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார். ஒருத்தரும் இல்லை என்றால், கூட டியூட்டி பார்க்கிற ஒருத்தியோடு பேசி வைத்துக்கொள். அவளை நீ கேள், உன்னை அவள் கேட்கட்டும். கிட் கழற்றும்போது தனியாகக் கழற்றாதே. அவசரத்தில் தொற்று வருவது அங்கேதான். எதிரில் ஒருத்தி நின்று அடுத்து என்ன என்று வாசித்துச் சொல்லட்டும். உன் கண்ணைப் பார்த்தே உனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பாப்பா அசைகிறாள். எனக்கும் இன்று நைட் டியூட்டி, ஏழரைக்குள் போக வேண்டும். புதிதாக ரெண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் நைட். எலுமிச்சம்பழம் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், பிழிந்துவிட்டுக் கிளம்புகிறேன்.