அனுப்பும் செலவு 190 ரூபாய், ஆனால் புத்தகம் தங்கம்!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்கத்தான் செய்யும். வேலூர் வெயிலில் அதை நிறுத்திவிட்டுப் பேச என்னால் ஆகாது.

போன வீடியோவில் புலம்பினேனே, அந்தப் பழைய புத்தகம் வந்தேவிட்டது. எமிலி ஹான் எழுதிய நினைவுக்குறிப்பு, 'சைனா டு மீ'. விலை 350, அனுப்பும் செலவு 190. சரி, கொடுத்தாயிற்று. அப்புறம் போன் வருகிறது: "சத்துவாச்சாரிக்கு வண்டி இல்லை மேடம், காட்பாடி வந்து வாங்கிக்கோங்க." அப்படியென்றால் அந்த 190 எதற்கு? ஆட்டோக்காரர் போக வர 300 கேட்டார். 220-க்கு முடித்தேன். கோடை வந்ததிலிருந்து நான் ஜெயித்த ஒரே பேரம் இதுதான்!

ஹான் அமெரிக்கப் பத்திரிகையாளர். 1935-ல் ஷாங்காய் போனவர். புத்தகத்தில் அந்தப் பகுதி முழுக்க விருந்தும் அரட்டையும்தான். மிஸ்டர் மில்ஸ் என்று அவர் வளர்த்த ஒரு கிப்பன் குரங்கு வேறு. குரங்கு என்றாலே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் தள்ளிவிட்டு ஹாங்காங்குக்கு வாருங்கள்.

1941 டிசம்பர் 8, ஜப்பான் தாக்குகிறது. இவர் கையில் இரண்டு மாதக் குழந்தை. குழந்தையின் அப்பா சார்லஸ் பாக்ஸர், பிரிட்டிஷ் உளவு அதிகாரி. கல்யாணம் ஆகவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று ஊர் விழுகிறது, காயம்பட்ட பாக்ஸர் போர்க்கைதி ஆகிறார். மற்ற வெள்ளைக்காரர்களை ஸ்டான்லி முகாமில் அடைக்கிறார்கள். இவர் மட்டும் சீனக் கவிஞர் ஷாவ் ஷுன்மெய்யின் மனைவி என்று சொல்லி வெளியே நிற்கிறார். நின்று? பாக்ஸருக்குச் சாப்பாடு அனுப்புகிறார். நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் தூக்குவாளியோடு காத்திருப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான், அந்தப் பக்கங்களைத் தாண்டவே முடியவில்லை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் முடித்த முதல் பெண் இவர்தான், 1926-ல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன தெரியுமா? புத்தகம் வெளிவந்தது 1944-ல். போர் முடியவில்லை, பாக்ஸர் இன்னும் சிறையில். ஆள் திரும்பி வருவாரா என்று எழுதுகிறவருக்கே தெரியாது. எல்லாம் முடிந்தபின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற நினைவுக்குறிப்புகளில் இந்தப் படபடப்பு வராது. பாக்ஸர் வந்தார், 1945-ல் கல்யாணமும் நடந்தது. புத்தகத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

ஹான் ஊர் திரும்பியது 1943-ல், கைதிப் பரிமாற்றத்தில். ஜப்பான் கப்பலிலிருந்து, அமெரிக்கா போகும் கிரிப்ஸ்ஹோம் கப்பலுக்கு மாறிய இடம் எது? நம் கோவாவின் மர்மகோவா துறைமுகம்! அந்தப் பக்கம் இருக்கும் சப்ஸ்கிரைபர்களே, அங்கே இதற்கு ஒரு பலகையாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்.