நான்கு லிட்டர் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் சமையல் எண்ணெயில் தொடங்குகிறேன்.

வங்கதேசத்தின் தென்பகுதிக் கிராமங்களில் 2008-இல் ஒரு சோதனை தொடங்கியது. சில ஊர்களில் பெண் பிள்ளைகளைக் கூட்டி, உடல்நலம், உரிமை, வரவு செலவு, தயங்காமல் பேசுவது என்று ஆறு மாதம் வகுப்பு நடத்தினார்கள். வேறு சில ஊர்களில் வகுப்பு கிடையாது. 15 முதல் 17 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதவரை, நான்கு மாதத்துக்கு ஒரு முறை 4 லிட்டர் எண்ணெய். அவ்வளவுதான்.

வகுப்பு நடந்த ஊர்களில் கல்யாணம் தள்ளிப்போகவில்லை. எண்ணெய் இரண்டு ஆண்டு கிடைக்கக்கூடிய பெண்களிடையேயோ 18 வயதுக்கு முந்தைய திருமணம் 19 சதவீதம் குறைந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண்ணின் படிப்பும் உடம்பும் எண்ணெய்க்கா ஈடு? ஆனால் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் வேறு. அங்கே பெண்ணுக்கு வயது ஏற ஏற வரதட்சணையும் ஏறும். பதினேழு வயதில் வீட்டில் இருந்தால், ‘இன்னும் ஏன் முடியவில்லை, பெண்ணுக்கு என்ன குறை?’ என்ற பேச்சு கிளம்பும். பொறுத்திருக்க மனசுள்ள அப்பாகூட அந்தப் பேச்சுக்குப் பயந்து அவசரப்படுவார். எண்ணெய் வந்ததும் அவர் வாயில் ஒரு பதில் வந்தது: ‘எண்ணெய் வருகிறதே, நிற்கட்டும், பார்க்கலாம்.’ குறை பெண்ணிடம் இல்லை என்றாகிவிட்டது.

அதற்காக வகுப்பெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உகாண்டாவில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய மன்றங்களில் பள்ளி நேரம் முடிந்தபின் பெண்கள் கூடினார்கள். நடத்தியவள் அதே ஊரில் சில வயது மூத்தவள். விளையாட்டு, அரட்டை, நடுவே கருத்தரிப்பு பற்றிய ஒளிவுமறைவில்லாத பேச்சு. கூடவே தையல், சிகை அலங்காரம், கோழி வளர்ப்பு என்று கைத்தொழிலும். இரண்டே ஆண்டில் அந்த ஊர்களில் பதின்வயதுக் கருத்தரிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சம்பாதிக்கும் பெண்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. பேச்சோடு பிழைப்புக்கும் வழி இருந்ததுதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

ஆகவே, பெண் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு முகாம் போடுகிறோம் என்று யாராவது வந்தால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்த நேரத்தில் தண்ணீர் சுமப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் யார்? முகாம் முடிந்து அவள் வீடு திரும்பும்போது, அவள் அப்பாவிடம் ஊராருக்குச் சொல்ல என்ன பதில் இருக்கும்?

நன்றி, வணக்கம்.